பாடநூலுக்காக 32 ஆண்டு வழக்கு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அடுத்த மாதமே கல்வி அமைச்சகத்திலிருந்து பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போனது: போரைப் போற்றும் பகுதிகளைப் பாடநூல்களிலிருந்து நீக்கிவிட வேண்டும். புதிதாக அச்சடிக்கக் காகிதமும் இல்லை, நேரமும் இல்லை. ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தூரிகையை மையில் தோய்த்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கறுப்படித்தார்கள். கோடைவரை அந்த வரிகளைப் பயபக்தியோடு படிக்கச் சொன்ன ஆசிரியரே இப்போது அழிக்கவும் சொன்னார். அந்தத் தலைமுறையினர் பலருடைய நினைவுக் குறிப்புகளில் இந்தக் காட்சி வருகிறது.

அந்த ஆண்டின் கடைசி நாளில், வரலாறு, புவியியல், ஒழுக்கக் கல்வி ஆகிய மூன்று பாடங்களையும் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் நிறுத்திவைத்தது. பேரரசர் சூரியத் தெய்வத்தின் வழிவந்தவர் என்ற புராணம்தான் அதுவரை வரலாற்றுப் பாடத்தின் தொடக்கம். 1946இல் வெளிவந்த புதிய நூலான 'குனி நோ அயுமி' அந்தப் புராணத்தைக் கைவிட்டுக் கற்காலத்திலிருந்து தொடங்கியது. அதை எழுதியவர்களில் ஒருவர் இயெனாகா சபுரோ. 1913இல் நகோயாவில் பிறந்தவர். போர்க் காலத்தில் நீகாதாவில் ஆசிரியராக இருந்தவர். போரை எதிர்க்காமல் வாய்மூடி இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு அவரைக் கடைசிவரை விடவில்லை.

1947இல் வந்த சட்டம் அரசே பாடநூல் எழுதும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தனியார் பதிப்பகங்கள் எழுதி வெளியிடலாம். ஆனால் கல்வி அமைச்சகம் பார்த்து அனுமதித்தால்தான் பள்ளிக்குள் போகும். நூலாசிரியர் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ இல்லாத வெள்ளை அட்டைப் பிரதியை அமைச்சகத்திடம் கொடுக்க வேண்டும். 1956 முதல் இதற்கென்றே முழுநேர அதிகாரிகள் அமர்த்தப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் சொன்ன திருத்தங்கள் இரண்டு வகை: கட்டாயமானவை ஒன்று, ஆலோசனையாகச் சொல்லப்பட்டவை இன்னொன்று. எழுத்தில் தந்ததும் இல்லை. அதிகாரி வாய்மொழியாகச் சொல்வார். நூலாசிரியர் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் பதிப்பகம் போட்ட முதல் வீண் என்பதால், அதிகாரி சொல்வதற்கு முன்பே நூலாசிரியரை அடக்கி வாசிக்கச் சொன்ன பதிப்பகங்களும் உண்டு.

இயெனாகாவின் உயர்நிலைப் பள்ளி நூலான 'ஷின் நிஹோன்ஷி' 1950களின் தொடக்கத்திலிருந்தே பள்ளிகளில் புழங்கியது. அதன் திருத்திய பதிப்பு 1963இல் நிராகரிக்கப்பட்டது. மறு ஆண்டு, முந்நூறு அளவுக்குத் திருத்தக் கருத்துகளோடு நிபந்தனை அனுமதி கிடைத்தது. போரை 'கண்மூடித்தனமானது' என்று சொன்னது அமைச்சகத்துக்குப் பிடிக்கவில்லை. குண்டுவீச்சில் நாசமான நகரம், போரில் உறுப்பிழந்தவர் ஆகிய படங்கள் நூலை இருட்டாக்குகின்றன என்றும் குறை சொன்னது.

1965 ஜூனில் இயெனாகா அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். 1967இல் இரண்டாவது வழக்கு. அதற்குக் காரணமான பகுதிகளில் ஒன்று, உழைக்கும் மக்களின் படங்களுக்கு அவர் வைத்த 'வரலாற்றைத் தாங்குவோர்' என்ற தலைப்பு. இந்த வழக்கில் 1970 ஜூலை 17 அன்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை மக்களுடையது. நூலின் கருத்துக்குள் புகுந்து வெட்ட அரசுக்கு அதிகாரமில்லை. இந்த நூல் விஷயத்தில் நடந்தது அரசியல் சட்டம் தடுக்கும் தணிக்கையே என்றார் நீதிபதி சுகிமோதோ. ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1989இல் அது தள்ளுபடியானது.

முதல் வழக்கிலும் 1993இல் உச்ச நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. அனுமதி மறுக்கப்பட்ட நூலைச் சாதாரணப் புத்தகமாக யாரும் வெளியிடலாம், கடையில் விற்கலாம். ஆகவே இது தணிக்கை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். இயெனாகாவே நிராகரிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை 1974இல் தனிப் புத்தகமாக வெளியிட்டவர்தான். சட்டத்தின் கண்ணுக்கு இது போதும். ஆனால் ஒரு பாடநூல் கடையில் கிடைத்து வகுப்பறையில் கிடைக்காவிட்டால், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். புத்தகத்தைக் கொளுத்தும் அரசுகளைவிட இந்த ஏற்பாடு சாமர்த்தியமானது.

இதற்கிடையே விவகாரம் கடல் தாண்டியிருந்தது. சீனா மீதான 'படையெடுப்பு' என்ற சொல்லை 'முன்னேற்றம்' என்று மாற்றச் சொன்னது அமைச்சகம் என 1982 ஜூனில் ஜப்பானியப் பத்திரிகைகளில் செய்தி வந்ததும் சீனாவும் தென் கொரியாவும் கொதித்தன. அண்டை நாடுகளுடனான அண்மைக்கால வரலாற்றை எழுதும்போது சர்வதேச நல்லிணக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற விதி அந்த ஆண்டே சேர்க்கப்பட்டது.

மூன்றாவது வழக்கு 1984இல் தொடங்கியது. சீன நகரமான நான்ஜிங்கைப் பிடித்ததும் ஜப்பானியப் படை ஏராளமானோரைக் கொன்றது என்று இயெனாகா எழுதியிருந்தார். படை திட்டமிட்டுச் செய்ததுபோல் தொனிக்கிறது, மாற்றுங்கள் என்றது அமைச்சகம். அங்கே பெண்கள் சீரழிக்கப்பட்டதைப் பற்றிய வரிக்கு வந்த ஆட்சேபம் இன்னும் விசித்திரமானது: பழங்காலம் முதல் எல்லா நாட்டுப் படைகளும் செய்வதுதான், ஜப்பானியப் படையை மட்டும் சொல்வானேன்? ஹார்பின் அருகே ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவு சீனர்களை உயிரோடு சோதனைக்கு உட்படுத்திக் கொன்ற செய்தியை, நம்பத்தக்க ஆய்வு இல்லை என்று சொல்லி முழுவதுமாக நீக்க உத்தரவிட்டார்கள்.

ஒகினாவா விஷயத்தில் நடந்தது நீக்கமல்ல, சேர்க்கை. 1945இல் அந்தத் தீவில் நடந்த போரில் ஜப்பானிய வீரர்களே உள்ளூர்வாசிகளில் பலரைக் கொன்றதை இயெனாகா குறிப்பிட்டிருந்தார். மக்கள் கூட்டுத் தற்கொலை செய்துகொண்டதையும், அதையே முதலில், எழுத வேண்டும் என்றது அமைச்சகம். அப்படி எழுதினால் மக்கள் மனமுவந்து உயிர்விட்டதாகத் தோன்றும் என்பது அவருடைய வாதம்.

1997 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. பாடநூல் அனுமதி முறை செல்லும். ஆனால் நான்கு இடங்களில் அமைச்சகம் எல்லை மீறிவிட்டது. நான்ஜிங் படுகொலை, பெண்கள் மீதான வன்கொடுமை ஆகியவை அவற்றில் அடக்கம். 731ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னதும் சட்டவிரோதம் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவானது. ஒகினாவாவில் அரசு வென்றது. 32 ஆண்டு வழக்காடிய 83 வயது முதியவருக்கு 4 லட்சம் யென் இழப்பீடு. காசாகப் பார்த்தால் அற்பம். ஆனால் எவை மறைக்கப்பட்டன என்பது நீதிமன்ற ஆவணமாகிவிட்டது. அந்த வகையில் தோற்றது அரசுதான்.

இயெனாகா 2002இல் காலமானார். 2007இல், ஒகினாவா மக்களைத் தற்கொலைக்குத் தள்ளியது ராணுவமே என்று சொல்லும் வரிகளை மாற்றுமாறு பதிப்பகங்களுக்குத் திருத்தம் போனது. ராணுவம் கையெறி குண்டு கொடுத்ததை நேரில் கண்டவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அந்தச் செப்டம்பர் 29 அன்று கினோவானில் திரண்ட கண்டனக் கூட்டத்தில் 1,10,000 பேர் பங்கேற்றதாக ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். டிசம்பரில் அமைச்சகம் பாதி இறங்கி வந்தது: ராணுவத்துக்குத் 'தொடர்பு' உண்டு என்று எழுதலாம். ராணுவம் கட்டாயப்படுத்தியது என்று நேரடியாக எழுத அனுமதி கிடைக்கவில்லை.