ஓடும் வண்டியில் ஒலித்த இசை: வால்வு வானொலி முதல் யூ.எஸ்.பி. வரை

இசையை நுகரும் முறை, அவ்விசையைச் சுமந்துவரும் கருவியாலும், அக்கருவி எவர் கையில் இருக்கின்றது என்பதாலும் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது. கோயில் வீதியிலே நாதசுரம் கேட்டவனுக்கு எதனைக் கேட்பது எனத் தெரிவுசெய்யும் உரிமை இருக்கவில்லை. வானொலி நேயனுக்கும் அவ்வுரிமை மிகச் சிறிதளவே இருந்தது. இந்நோக்கிலே மோட்டார் வாகனத்தினுள் இசை புகுந்த வரலாற்றை ஆராயுமிடத்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அத்தெரிவுரிமை ஒலிபரப்பாளனிடமிருந்து சாரதியின் கைக்குப் படிப்படியாக மாறியமை புலனாகும். பெருவிரல் அளவினதான யூ.எஸ்.பி. நினைவகம் காரின் வானொலிப் பெட்டியிலே செருகப்பட்டபோது அம்மாற்றம் ஏறக்குறைய முழுமையடைந்தது. இதனாற் சாரதி பெற்றவை பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அவன் இழந்தவை பற்றிப் பேசப்படவில்லை.

தொடக்கத்திலே காரினுள் வானொலியை இயக்குவதே பெரும்பாடாக இருந்தது. வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் தேவைப்பட்டது. காரின் பற்றரியோ ஆறு வோல்ற்று மாத்திரமே தந்தது. இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகள் எழுப்பிய மின் இரைச்சல், வந்த ஒலியையும் விழுங்கிற்று. இவ்விடர்களை ஓரளவு வென்று, பொதுமக்கள் வாங்கத்தக்க ஒரு கார் வானொலியை ஐக்கிய அமெரிக்காவில் முன்வைத்தவர் சிக்காக்கோவைச் சேர்ந்த போல் கல்வின் ஆவார். 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அத்திலாந்திக் சிற்றியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடைபெற்றபோது, உள்ளே காட்சிக்கூடம் பெற வசதியற்ற அவர், மண்டபத்துக்கு வெளியே தமது காரை நிறுத்தி, ஒலியை உயர்த்திவைத்து, வருவோர் போவோரைக் கவர்ந்தார். அக்கருவிக்கு அவர் சூட்டிய பெயரே மோட்டரோலா. அதன் விலை 110 முதல் 130 டொலர் வரையில் இருந்தது. போர்ட் நிறுவனத்தின் கார் ஒன்று சுமார் 500 டொலருக்கு விற்ற காலம் அது என்பதை மனங்கொண்டால், வண்டியில் இசை கேட்டல் எத்தகையோர்க்கு உரியதாயிருந்தது என்பது விளங்கும். ஜேர்மனியிலே 1932இல் வெளிவந்த புளோபுங்க்ற் கருவியின் விலை 365 மார்க். அதுவும் செல்வர்க்கே உரிய பொருளாயிற்று.

ஐம்பதுகளிலே திரான்சிஸ்டர் வந்து வால்வை அகற்றியது. கருவி சிறுத்தது, விலையும் காலப்போக்கில் இறங்கியது. ஆயினும் சாரதி கேட்டது நிலையம் ஒலிபரப்பியதையே. தான் விரும்பிய பாட்டைத் தானே போட்டுக் கேட்கும் ஆசைக்கு முதல் விடையாக, 1956ஆம் ஆண்டு மாதிரிகளில் கிறைஸ்லர் நிறுவனம் காரினுள்ளே இசைத்தட்டுச் சுழற்றியைப் பொருத்திப் பார்த்தது. ஏழங்குல அகலமுடைய அத்தட்டு நிமிடத்துக்கு 16⅔ சுற்று வீதம் சுழன்றது. குழியில் விழும் வண்டியிலே ஊசி தாவாதிருக்க அதனை அழுத்தி வைக்கவேண்டியிருந்தமையால் தட்டு விரைவில் தேய்ந்தது. அவ்வகைத் தட்டுகளைக் கொலம்பியா நிறுவனமே வெளியிட்டமையால் தெரிவும் குறுகியிருந்தது. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி கைவிடப்பட்டது. இன்று நோக்குவோர்க்கு அது நகைப்பூட்டலாம். எனினும் தெரிவுரிமைக்கான வேட்கை தொழினுட்பத்தை முந்திச் சென்றமைக்கு அது நல்லதொரு சான்றாகும்.

அவ்வேட்கையை உண்மையில் நிறைவேற்றியது கசெற் நாடாவே. ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஒட்டென்ஸ் என்பாரின் தலைமையில் உருவான இது, 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுடைய நாடா, சட்டைப்பைக்குள் அடங்கும் பேழை, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டிலேயே பதிவுசெய்யும் வசதி என்பன அதன் சிறப்புகள். 1968இல் கார்களுக்கான கசெற் வானொலியையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இலங்கையின் நகரங்களிலே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பாடற் பட்டியலொன்றைக் கொடுத்து, வெற்று நாடாவிலே பதிவுசெய்து வாங்கும் கடைகள் பெருகியமை இக்கருவியின் நேர்விளைவாகும். ‘றெக்கோடிங் பார்’ என்று வழங்கிய அக்கடைகளில், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை வாடிக்கையாளரே தீர்மானித்தார். பாடலின் பெயரையும் படத்தின் பெயரையும் அட்டையிலே கையால் எழுதிக்கொடுப்பது பதிவாளரின் வேலையில் ஒரு பகுதியாயிருந்தது. பதிவாளரின் எழுத்தழகுக்காகவே கடை தேடிச் சென்றோரும் உளர். பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் அதனால் ஒரு சதமேனும் சென்றதில்லை என்பதையும் கூறாது விடல் முறையன்று.

இறுவட்டின் கதையை விரிக்க வேண்டியதில்லை. 1982இல் யப்பானிலே விற்பனைக்கு வந்து, 1984இல் பயோனியர் நிறுவனத்தின் வாயிலாகக் காருக்குள் நுழைந்த அது, ஒலியை எண்களாக மாற்றியமையே அதன் வரலாற்று முக்கியத்துவம். விநாடிக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்பட்டது. ஒவ்வோர் அளவும் 16 இலக்கங்களால் ஆயது. எண்ணாக மாறிய ஒன்றைத் தட்டிலேதான் வைத்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஆயினும் இரு பக்க ஒலிக்கும் சேர்த்து விநாடிக்குப் பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் என்பது அக்காலக் கணினிகளுக்குப் பெருஞ்சுமையே.

அச்சுமையைக் குறைத்தோர் ஜேர்மனியின் ஏர்லங்கன் நகரில் இயங்கிய பிரோன்ஹோபர் நிறுவனத்தின் ஆய்வாளர். அவருள் முதன்மையானவர் கார்ல்ஹைன்ஸ் பிரண்டன்பேர்க். அவர்கள் கைக்கொண்ட அடிப்படை செவியின் குறைபாடே எனலாம். பேரொலி ஒன்று எழும்போது அதற்கு அண்மையான மீடிறனில் எழும் சிற்றொலி செவிக்குப் புலப்படுவதில்லை. புலப்படாததைச் சேமிப்பானேன் என்பதே வினா. அவ்வாறு நீக்கியபின் மூலத்தின் பதினொன்றிலொரு பங்கு அளவிலே பாடல் அடங்கிற்று. 1992இல் அனைத்துலக நியமமாக ஏற்கப்பட்ட இம்முறைக்கு எம்.பி.3 என்ற பெயர் 1995 ஜூலை 14ஆந் திகதி தெரிவுசெய்யப்பட்டது. ஐந்து நிமிடப் பாடலொன்று சுமார் ஐந்து மெகாபைற் ஆயிற்று.

இனி, செருகியின் கதை. கணினியின் பின்புறத்திலே விசைப்பலகைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு வேறொன்று எனப் பல வடிவச் செருகிகள் மலிந்திருந்த குழப்பத்தை நீக்கும் பொருட்டு, இன்ரெல், மைக்குறோசொவ்ற், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி 1996இல் யூ.எஸ்.பி. என்ற பொது நியமத்தை வெளியிட்டன. யப்பானிய அறிஞர் பூஜியோ மசுவோக்கா எண்பதுகளில் தொஷிபா நிறுவனத்திலே கண்டறிந்த பிளாஷ் நினைவகம் இச்செருகியோடு 2000ஆம் ஆண்டில் இணைந்தது. இஸ்ரவேலின் எம்-சிஸ்ரெம்ஸ், சிங்கப்பூரின் ட்ரெக் ஆகிய நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தன. முதலில் வந்தவை எட்டு மெகாபைற் கொண்டவை. இரண்டு பாட்டுக்குக்கூட இடம் போதாது. சில ஆண்டுகளிலேயே அது ஆயிரம் மடங்காயிற்று. எட்டு கிகாபைற் கொண்ட துண்டிலே சுமார் 1600 பாடல்கள், அதாவது சுமார் 133 மணித்தியால இசை அடங்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஒன்பது மணித்தியாலப் பயணம் எனக் கொள்ளின், பதினான்கு பயணங்களுக்கு ஒரே பாட்டை இருமுறை கேட்க வேண்டியதில்லை. சுழலும் உறுப்பு எதுவும் இதில் இன்மையால் குண்டுங்குழியுமான வீதியும் இதனைத் தடுக்கவில்லை; வெயிலில் நாடா இளகுவதைப் போல இது இளகவுமில்லை.

இலங்கையிலே இச்செருகி பெற்ற செல்வாக்குக்குத் தனியானதொரு காரணமும் உண்டு. இந்நாட்டு வீதிகளில் ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை யப்பானிலே பயன்படுத்தப்பட்டபின் இறக்குமதி செய்யப்பட்டவை. யப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையிலான மீடிறன்களில் நிகழ்ந்தது, இலங்கையிலோ 87.5 முதல் 108 வரை. ஆகவே அந்நாட்டுப் பெட்டி இந்நாட்டு நிலையங்களிற் பெரும்பாலானவற்றைக் கேளாது. மீடிறனை மாற்றித்தரும் சிறு துணைக்கருவியை இணைத்தோர் உண்டு. அதனால் ஒலி நலிவதாகக் குறைப்பட்டோரும் உண்டு. பெட்டியின் திரையில் யப்பானிய எழுத்து; வழிகாட்டும் வரைபடத்திலோ தோக்கியோவின் வீதிகள். இந்நிலையில், மொழியும் மீடிறனும் அறியத் தேவையற்ற யூ.எஸ்.பி. துளையே உரிமையாளருக்குக் கைகொடுத்தது.

எனினும் அத்துளையும் தனக்கென நியதிகளை உடையது. பெரும்பாலான பழைய கார்ப் பெட்டிகள் பற்32 என்ற முறையில் ஒழுங்குசெய்யப்பட்ட துண்டையே படிக்கும். 64 கிகாபைற்றும் அதற்கு மேலும் கொண்டவை பொதுவாக வேறொரு முறையில் ஒழுங்குசெய்யப்பட்டு விற்பனைக்கு வருவதால், பெரிய துண்டை வாங்கியவர் அது பழுதென எண்ணிக் கடைக்காரருடன் வாதிட்டமை பொதுவானது. மேலும், சாதாரணப் பெட்டிகள் பாடல்களை அகரவரிசையில் இசைப்பதில்லை. துண்டிலே எந்த ஒழுங்கில் எழுதப்பட்டனவோ அந்த ஒழுங்கிலேயே இசைக்கும். தனக்கு வேண்டிய வரிசையிலே கேட்க விரும்பியவர் ஒவ்வொன்றாகப் படியெடுக்க வேண்டியதாயிற்று. பழைய கசெற் பதிவாளரின் வேலையை அவர் தம்மையறியாமலே செய்தார்.

இவற்றைவிடப் பாரதூரமான இழப்பு பெயர்களின் இழப்பாகும். எம்.பி.3 கோப்பினுள் பாடலின் விவரத்தைப் பொதிந்துவைக்கும் வழக்கம் 1996இல் தோன்றியது. கோப்பின் இறுதியில் 128 பைற்றுகள். அவற்றுள் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. இது மேலைநாட்டுப் பாடகரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. தமிழ்த் திரைப்பாடலுக்குப் பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் என மூவர் உரியர்; அவர்க்கு அங்கே கிடைத்தது ஓரிடமே. இசைவகைகளுக்கென முதலில் வகுத்த எண்பது பெயர்களில் பொல்கா நடனத்துக்கு இடமுண்டு; கருநாடக இசைக்கு இல்லை. ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுகளைக் கொள்வதால், முப்பது பைற்றுக்குள் பத்துக் குறிகளே அடங்கும். உயிர்மெய்களின் மேற்குறிகளையும் கழித்தால் ஆறேழு எழுத்துகளே மிஞ்சும். 1998இல் இவ்வரம்பை நீக்கிய புதிய முறை வந்தது. ஆயினும் காரின் திரை தமிழை அறியாதவிடத்து அங்கு தோன்றியவை சதுரங்களும் கேள்விக்குறிகளுமே.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையிலே பாடலுக்கு முன்னர் படம், பாடியோர், இயற்றியவர், இசையமைத்தவர் ஆகிய பெயர்களை அறிவிப்பாளர் கூறும் மரபு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோரும் கவிஞரின் பெயரை அறிந்திருந்தமைக்கு அம்மரபு ஒரு காரணம். கசெற்றிலே அது அட்டைக்கு இடம்பெயர்ந்தது. நினைவகத் துண்டிலே அட்டையும் இல்லை, அறிவிப்பாளரும் இல்லை. நூற்றுக்கணக்கான பாடல்களைச் சில நிமிடங்களிலே நிரப்பிக் கொடுத்த கடைகளில் ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத எவருக்கும் நேரம் இருக்கவில்லை. கோப்புகள் ‘ராக் 01’, ‘ராக் 02’ என்றே கைமாறின. அவ்வாறே பேருந்துகளிலும் கார்களிலும் ஒலித்தன. பயணிகள் உடன்சேர்ந்து முணுமுணுத்த பாட்டை எழுதியவர் எவர் எனக் கேட்டால், சாரதியால் அதன் இலக்கத்தை மட்டுமே கூற முடிந்தது.