"என்னத்தைக் குடுத்து மாத்தினவை?"

எங்கட பக்கம் ஒருத்தர் சமயம் மாறிவிட்டார் என்று கதை வந்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். காசா, வேலையா, கலியாணமா என்று காரணம் தேடுவோம். அந்த ஆளின் மனசுக்குள்ளே ஏதாவது நடந்திருக்குமோ என்று யோசிக்கிறவை குறைவு.

இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தபிறகு சைவக் கோயில்களை இடித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தையும் தடைசெய்தார்கள். அரச உத்தியோகத்துக்குப் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் தேவைப்பட்டது. வெளியில் வேதக்காரர், வீட்டுக்குள் சைவக்காரர் என்று பலர் வாழப் பழகினார்கள். பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலப் படிப்பு மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்தது. ஆகவே கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனால் எல்லாரையும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கலாமா?

1875இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கம் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பன் இறந்துபோனார். தாய் தங்கமுத்து, அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். தம்பிமுத்துப்பிள்ளை கத்தோலிக்கர், அச்சுக்கூடம் நடத்தியவர், 'சன்மார்க்க போதினி' என்ற இதழை வெளியிட்டவர். தாயும் மகனும் கத்தோலிக்கர் ஆனார்கள். வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார்.

இந்த இடத்தில் நாங்கள் நேர்மையாக இருக்க வேணும். இந்த மாற்றத்தில் அந்தப் பிள்ளையின் தெரிவு எதுவும் இல்லை. ஒரு மரணம், ஒரு கலியாணம், ஒரு புது வீடு, அவ்வளவுதான். அதோடு கதை முடிந்திருந்தால், "சூழ்நிலை மாத்திப்போட்டுது" என்று சொல்லிவிட்டு நாங்களும் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் கதை முடியவில்லை. வளர்ந்த ஞானப்பிரகாசத்துக்கு றெயில்வேயில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் சும்மாவா! 1895இல் அதை விட்டுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்தார். 1901இல் குருவானார். சமயம் அவருக்கு எதையாவது குடுத்ததோ இல்லையோ, நிரந்தரச் சம்பளத்தைப் பறித்தது நிச்சயம். சிறுவயதில் தெரியாமல் வந்த சமயத்தை, இருபது வயதில் தெரிந்தே எடுத்துக்கொண்டார்.

பிறகு நல்லூரில், சைவத்தின் நடுவிலேயே, பணி செய்தார். சைவத்தோடு வாதிட்டுத் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வாதிடுவதற்காகவே சைவ சித்தாந்தத்தைப் படித்தார். மொழிகளைப் படித்தார். 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி ஒப்பியல் அகராதி தொகுக்கத் தொடங்கினார். 1947இல் இறக்கும்வரை தமிழை விடவில்லை. இன்று எங்கட வரலாற்றைப் படிக்கிற சைவரும் கிறிஸ்தவரும் சுவாமி ஞானப்பிரகாசரைத் தாண்டிப் போக முடியாது.

இனி அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய சிறுப்பிட்டிக்கு வாருங்கள். அங்கே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை எதிர்த்திசையில் போனவர். கிறிஸ்தவராக வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, பிறகு சைவத்துக்குத் திரும்பினார். ஏடுகளில் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். செமினரியில் படித்த படிப்பையும் அவர் தூக்கி எறியவில்லை.

ஒருவர் வேதத்துக்குப் போனார், மற்றவர் வேதத்திலிருந்து வந்தார். எங்கட சமயச் சண்டைகளில் இருவரில் ஒருவர் "எங்கட ஆள்", மற்றவர் "போனவர்". எங்களுக்கோ இரண்டு பேரிலும் ஒரே விஷயம்தான் தெரியுது. பழைய வீட்டின் கதவை அவர்கள் அடித்துச் சாத்தவில்லை.

இன்றைக்கும் மகன் புதுச் சபைக்குப் போகிறான் என்று கதைக்காமல் இருக்கிற தகப்பன்மார் இருக்கினம். கோயிலுக்குப் போகத் தொடங்கிய மகளை வீட்டில் சேர்க்காத வேதக்காரரும் இருக்கினம். அடுத்தமுறை எங்கட வீட்டில் அப்படி ஒன்று நடந்தால், "என்னத்தைக் குடுத்தவை" என்று கேட்க முதல், "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டுப் பார்ப்போமா?