20 ஸ்னாப்ஷாட், 32 பிட்: ஒரு சின்ன வரலாறு

நேற்று மதியம் 12 மணிக்கு சர்வரில் கோப்புகள் எப்படி இருந்தனவோ, அப்படியே இன்று திரும்பப் பார்க்க முடிந்தால் அதுதான் ஸ்னாப்ஷாட். எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கும்: 20, 64, 255, 1023. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே, நம்ம ஆட்களுக்குத்தான் இது சட்டென்று புரியும்.

லெட்ஜரில் தப்பான பதிவை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. இன்னொரு பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். 1992-ல் தொடங்கிய நெட்வொர்க் அப்ளையன்ஸ் (இன்றைய நெட்ஆப்) நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் தங்கள் வாஃபிள் கோப்பு முறைமைக்கு இதே விதியைத்தான் வைத்தார்கள். பழைய பிளாக் மேல் எழுதுவதே கிடையாது. மாறியதை வேறு இடத்தில் எழுதுவார்கள், பழசு அப்படியே கிடக்கும். அதனால் ஸ்னாப்ஷாட் எடுக்கிற நொடியில் கிட்டத்தட்ட இடமே செலவாகாது.

1994 ஜனவரியில் யூசெனிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு 4 கேபி பிளாக்குக்கும் 32 பிட்டில் ஒரு குறிப்பு. ஒரு பிட் இப்போதைய கோப்புகளுக்கு, அப்புறம் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு பிட். எல்லாம் பூஜ்யமானால்தான் அந்த பிளாக் காலி. ஆக 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வரம்பு 20! பின்னால் அது ஒரு வால்யூமுக்கு 255 ஆனது, 2018-ல் 1023. சன் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் இந்த பிட் கணக்கையே தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பிளாக்கும் எப்போது பிறந்தது என்று மட்டும் எழுதி வைத்தது. வரம்பும் போச்சு.

ஆனால் எண்ணிக்கை தீர்ந்தாலும் இடம் தீராதே. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குவித்து வைத்திருப்பார்கள். கம்பெனி ஸ்டோரேஜ் அப்படி வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை. 1000 ஜிபி வால்யூமில் தினம் 3% மாறுகிறது, ஏழு நாள் வைக்கிறோம் என்றால் 210 ஜிபி வரை பழசே பிடித்துக்கொள்ளும். நெட்ஆப் வெகுகாலம் ஸ்னாப்ஷாட்டுக்கு 20% ஒதுக்கியே கொடுத்தது. விண்டோஸ் சர்வர் 2003 கொடுத்தது 10%, அதிகபட்சம் 64 பிரதி. வார நாட்களில் தினம் இரண்டு என்ற அதன் வழக்கமான அட்டவணைப்படி போனால் ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே இடம் நிறைந்தால் பழசு அழியும். லினக்ஸின் அந்தக் கால எல்விஎம் இன்னும் மோசம். ஒதுக்கிய இடம் நிறைந்தால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாக்காசு.

இந்தக் கணக்கெல்லாம் தினசரி மாற்றம் கொஞ்சம்தான் என்று நம்பிப் போட்டது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களில் புகுந்தவர்கள் 5 சர்வரில் சுமார் 1.3 டெராபைட்டைப் பூட்டிவிட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாள் கையால் எழுதினார்கள். அப்படி மொத்தத்தையும் பூட்டினால் ஒரே நாளில் மாற்றம் 3% இல்லை, 100%. 1.3 டெராபைட்டின் பழைய பிளாக்குகளை வைத்திருக்க இன்னொரு 1.3 டெராபைட் வேண்டும். 20% ஒதுக்கீடு எந்த மூலைக்கு? இடமில்லை என்று பழைய ஸ்னாப்ஷாட்டைத் தானாக அழிக்கும்படி வைத்திருந்தால், நமக்கு வேண்டிய நல்ல பிரதிதான் முதலில் போகும். எய்ம்ஸின் இ-ஹாஸ்பிட்டல் தகவல்கள் திரும்பக் கிடைத்தது, பாதிக்கப்படாமல் தனியாக இருந்த பேக்கப் சர்வரிலிருந்து.