வரத்து என்னும் ஒரு சொல்

வகுப்பில் பெரும்பொழுதுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். கூதிர்க் காலம் பற்றிச் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த மாதங்களில் தக்காளிக்கு விலை இருக்கும், எங்கள் வயலில் காய் இருக்காது. காய் இருக்கும்போது விலை இருக்காது" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. சிரிப்பு அடங்கிய பின்னும் அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அதன் விளைவே.

மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. விரைவில் கெடும் காய்கனிகள் அன்று வண்டி செல்லும் தொலைவுக்குள் விளைந்தவையாகவே இருந்திருக்க வேண்டும். ஊரின் மழையே அங்காடியின் மழை. பிற்காலத்தில் இத்தொலைவு நீண்டது. 1820களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். 1873இல் மேட்டுப்பாளையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. மலையில் விளைந்தவை சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கின.

சென்னைக்கு நெடுங்காலம் காய்கறி வழங்கியது ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி. நெரிசல் தாளாமல் அம்மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. இடம் மாறியதே ஒழிய மண்டிக்காரர்களின் மொழி மாறவில்லை. அம்மொழியின் தலைச்சொல் 'வரத்து'. அணைக்கு நீர்வரத்து என்பதுபோலச் சந்தைக்குக் காய்வரத்து. வரத்து குறைந்தால் விலை ஏறும், பெருகினால் இறங்கும்.

இன்று சென்னையின் வரத்து கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி, நாசிக் எனப் பல திசைகளிலிருந்து வருகிறது. ஆகவே எங்கோ பெய்யும் மழை இங்கே விலையாக மாறுகிறது. கோடையில் அறுவடையாகும் வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சில மாதங்கள் வைத்திருக்கலாம். அந்த இருப்பு தீரும் ஐப்பசியில் புதுவெங்காயம் மழையில் அழுகினால் விலை கொதிக்கும். பழுத்த தக்காளிக்கோ சில நாள்களே ஆயுள். பறித்ததை அன்றே விற்றாக வேண்டும்.

2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையிலும் அவ்வாறே ஏற, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செய்தித்தாள்கள் இல்லத்தரசிகளின் துயரத்தை எழுதின. அது மெய்தான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பருக்குள் விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் உழவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இதன் காரணம் எளிது. விலை ஏறியதைக் கண்டு பலரும் ஒருசேர நாற்று நடுகின்றனர். இரண்டு மூன்று மாதங்களில் அனைவர் வயலும் ஒன்றாகக் காய்க்கிறது. வரத்து பெருகி விலை விழுகிறது. நொந்தவர்கள் அடுத்த நடவைக் குறைக்கின்றனர். மீண்டும் விலை ஏறுகிறது. பொருளியலறிஞர் கால்டார் 1934இல் இச்சுழற்சிக்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டார். வலை என்பது பொருத்தமான பெயர். அதில் சிக்குபவர் யார் என்பதே கேள்வி.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. இடைத்தரகைத் தவிர்க்கும் நல்ல முயற்சி அது. எனினும் தரகைத்தான் அது குறைத்தது, பருவத்தை அல்ல. பருவத்தின் அடியைத் தாங்கக் குளிர்பதனக் கிடங்கும், கூழாக்கும் ஆலையும், அண்டைப் பகுதிகளில் எவ்வளவு நடப்பட்டது என்று நடவுக்கு முன்பே அறியும் வழியும் வேண்டும். பெருவணிகர்க்கு எட்டும் இவை இரண்டு ஏக்கர்க்காரருக்கு எட்டுவது அரிது.

அம்மாணவரின் பேச்சு நகைச்சுவை அன்று, ஒரு தேற்றத்தின் தமிழ் வடிவம் என்பதை நான் உணரச் சில நாள்கள் ஆயின. அடுத்த வகுப்பில் அதை அவரிடமே சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.