செருப்புத் தோல் முதல் செராமிக் வரை: பிரேக் பேட்டின் வரலாறு



"எந்த பிரேக் பேட் போடட்டும்?" என்று பட்டறையில் கேட்கும்போது, நம்மில் பலர் விலையை மட்டும் விசாரித்துவிட்டுத் தலையசைத்து விடுகிறோம். அந்தச் சிறு கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதனை அறிந்தவர்க்குத் தேர்வு எளிதாகும்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அக்கட்டைகளின்மேல் தோலைப் பொருத்தச் சொன்னார். பிள்ளைகளுடன் பயணம் செய்த ஒரு தாயின் சமயோசிதமே இன்றைய பிரேக் பேட்டுக்கு முன்னோடி எனலாம்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. வேகம் இருமடங்கானால் அவ்வெப்பம் நான்கு மடங்காகும். வண்டிகளின் வேகம் கூடக் கூடத் தோலும் பருத்தியும் கருகின. இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டு முதல் பிரேக் உராய்வுப் பொருள்களை ஆராய்ந்து வந்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கனிம நாரைப் பயன்படுத்தினார். அது எரியாது, எளிதில் தேயாது, விலையும் குறைவு. உலகமே அதனை ஏற்றுக்கொண்டது.

ஆனால், அதன் தூசு மனித நுரையீரலில் தங்கியது. 1924ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்பாலைத் தொழிலாளியான நெல்லி கெர்ஷா மாண்டபோது, அத்தூசே காரணமென மருத்துவர் வில்லியம் குக் பதிவு செய்தார். 1931ஆம் ஆண்டு பிரிட்டன் ஆலைகளுக்கு விதிமுறை வகுத்தது. இருந்தும் பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் நீடித்தது. அங்கே அதற்குத் தடை வர 1999ஆம் ஆண்டாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது 2005இல். அமெரிக்கா தடைவிதி பிறப்பித்ததோ 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான். அதுவரை வண்டி ஓட்டியவர் நலமாக நின்றார். பேட்டைச் செய்தவரும் மாற்றியவரும் அதன் விலையைக் கொடுத்தனர்.

டிஸ்க் எனப்படும் வட்டின் கதை வேறு. பிரடெரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எழுப்பிய பேரிரைச்சலால் அது பரவவில்லை. 1953ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றபின் நிலை மாறியது. மூடிய டிரம்மில் வெப்பம் தேங்கும். திறந்த வட்டோ காற்றில் விரைந்து குளிரும். 1985ஆம் ஆண்டு வெளிவந்த நம் புரோட்டோன் சாகாவில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பின்சக்கரங்களுக்கு டிரம்மும் இருந்தன. நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களே மிகுந்த பளுவை ஏற்கின்றன.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடங்கள் சில:

1. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட, தயாரிப்பாளர் பெயருள்ள பேட்டையே வாங்குங்கள்.

2. உலோகக் கலவைப் பேட் கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் ஓசையும் வட்டின் தேய்மானமும் கூடும். செராமிக் அமைதியானது, தூசு குறைவு, விலை அதிகம். நார்க் கலவைப் பேட் மென்மையானது, விரைவில் தேயும். கேமரன் மலைக்கு அடிக்கடி செல்பவரும் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுபவரும் ஒரே பேட்டைத் தேட வேண்டியதில்லை.

3. வட்டில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதனினும் தேய்ந்த வட்டில் புதிய பேட்டைப் பொருத்துவது வீண்; ஆபத்தும்கூட. இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

4. பிரேக் தூசைக் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ளுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் வேலை செய்பவரும் ஒரு பிள்ளையின் தந்தைதான்.

அத்தூசு மனிதரோடு நிற்பதில்லை. பேட்டில் கலக்கும் செம்பு மழைநீரோடு ஆற்றில் சேர்ந்து மீன்களைப் பாதிப்பதால், 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் அதனைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின.

மலிவு என்று நாம் சொல்லும்போது, மீதி விலையை யார் கொடுக்கிறார் என்றும் கேட்கப் பழகுவோம். அறிவியல் பாடத்தில் உராய்வைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றையும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லலாமே!