எழும்பூர் மணலில் எழுதிய ஆங்கிலம்

நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி வளர்ந்த வரலாற்றைக் கூறுவோர், மேலைநாட்டார் கற்பித்தனர், நாம் கற்றோம் என்றே பெரும்பாலும் எழுதுகின்றனர். இக்கூற்று முழு உண்மையன்று என்பதை அருட்திரு ஆண்ட்ரூ பெல் அவர்களின் சென்னைப் பணி நமக்குக் காட்டுகிறது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த பெல், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரிலிருந்த படைவீரர் மக்களின் ஆண்கள் அனாதைச் சாலைக்கு மேற்பார்வையாளரானார். படைக்குருப் பதவிகளின் வருவாய் இருந்தமையால் இப்பணிக்கு ஊதியம் பெற மறுத்தார். அங்குப் பயின்ற சிறுவரில் பலர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். தந்தையின் மொழியை அவர்கள் எழுத்தெழுத்தாகக் கற்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களோ பழைய முறையை விட மனமற்றிருந்தனர்.

ஒருநாள் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைப் பெல் கண்டார். அவ்வாறே ஆங்கில நெடுங்கணக்கையும் கற்பிக்கும்படி கடைநிலை வகுப்பின் ஆசிரியரிடம் கூறினார், அவர் இயலாதென்றார். பெல் அவ்வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கென் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். அச்சிறுவன் அதைச் செய்து காட்டினான். பின்னர்ப் பள்ளி முழுவதும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை பரவியது.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. 1811இல் தோன்றிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் அதனை மேற்கொண்டது. 1832இல் பெல் மறைந்தபோது ஏறத்தாழ 12,000 பள்ளிகள் அதனைப் பின்பற்றின.

மணலெழுத்தை இந்நாட்டாரிடம் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவர் கற்பிக்கும் முறையையோ தம் கண்டுபிடிப்பென்றே கொண்டார். ஆயினும் நம் திண்ணைப் பள்ளிகள் சட்டாம்பிள்ளையை நன்கறியும். 1623இலேயே கன்னட நாட்டில் சிறுவர் ஆசிரியரின்றி மணலில் எழுதி ஒருவரோடொருவர் பாடம் பயின்றதை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே குறித்துள்ளார். மணலில் எழுதிய அப்பிள்ளைகளின் பெயரும், அவர்தம் ஆசானின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பெல்லோ வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார்.

மற்றொன்றையும் நாம் மறைத்தலாகாது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் கற்பிக்கும் இம்முறையின் சிக்கனமே பலரைக் கவர்ந்தது. ஏழை மக்களின் பிள்ளைகள் யாவருக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டுவதில்லை என்று பெல்லே பின்னாளில் எழுதினார். எட்டு வயதுச் சிறுவனை நம்பியவர், ஏழைக்கு எல்லை வகுத்தார்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் இறையியல் நூல்களைப் பயிலும் மாணவரைக் கற்பிக்கும் நமக்கு இவ்விரண்டும் பாடமாகும். மாணவனிடம் முன்னரே உள்ள அறிவைக் கண்டறிந்து அதன்மேல் கட்டுவதே கற்பித்தல். அவன் எட்டும் உயரத்தை முன்கூட்டியே அளந்துவிடுவது கற்பித்தலாகாது.