வெறுங்காலும் வெண்பனியும்

பனி பொழியாத நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன், பனியில் வெறுங்காலோடு ஓடுவதைப் பற்றி எழுதப் புகுவது சற்றே வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் வெறுங்கால் நமக்குப் புதியதன்று. எங்கள் தோட்டப் பள்ளியின் செம்மண் திடலில், விளையாட்டுப் போட்டி நாளன்று ஓடிய பிள்ளைகளுள் காலணி அணிந்தோரை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அன்று அதனை எவரும் ஒரு கொள்கையாகக் கருதவில்லை. இல்லாமை என்றே கருதினர். இன்றோ செல்வம் கொழிக்கும் நாடுகளில், வீடு நிறையக் காலணி வைத்திருப்போர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, உறைந்த நிலத்தின்மீது ஓடிப் பயில்கின்றனர். ஒருவருக்கு வறுமையாய் இருந்தது மற்றொருவருக்கு நோன்பாகிவிட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைச் சரியாக அளந்து காட்டுவது குளிர். வெப்ப நாட்டில் வெறுங்காலோடு நடக்கலாம், நிற்கலாம், உறங்கலாம். குளிர்நாட்டிலோ வெறுங்காலோடு ஓடலாம், நிற்பதுதான் அரிது. காலுக்கும் குளிருக்கும் உள்ள பழைய உறவை இந்த ஒரு கோணத்திலிருந்தே நோக்க விழைகிறேன்.

வெறுங்கால் ஓட்டம் என்றதும் பலரும் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவையே நினைப்பர். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ரோம் நகரின் கல்பாவிய சாலைகளில் காலணியின்றி ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் நெடுந்தொலைவு ஓட்டத்தை வென்றவர் அவர். புதிய காலணி காலுக்குப் பொருந்தாமற்போகவே, வெறுங்காலோடு ஓடிப் பழகியிருந்த அவர் அவ்வாறே ஓடினார். ஆனால் அது கோடையின் கடைக்கூறு. குளிருக்கும் அவ்வெற்றிக்கும் தொடர்பில்லை. 1964இல் தோக்கியோவில் மீண்டும் வென்றபோது அவர் காலணி அணிந்திருந்தார் என்பதைப் புகழ்வோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

வெப்ப நாட்டு வெறுங்காலுக்குப் பகை வேறு. ஈரமும் வெதுவெதுப்பும் கொண்ட மண்ணில் வாழும் கொக்கிப்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உடம்பினுள் புகுந்து குருதியை உறிஞ்சும். ராக்பெல்லர் அறநிதியத்தின் சார்பில் 1915 முதல் 1917 வரை மருத்துவர் டார்லிங்கின் தலைமையில் மலாயாவிற்கும் வந்த ஆய்வுக்குழு, தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் பரவியிருந்த அளவை ஆராய்ந்தது. அங்கே காலணி ஆடம்பரமன்று, மருந்து. உறைந்த மண்ணில் இப்புழுவால் வளர இயலாது. ஆக, பனி ஒரு பகையை ஒழித்துவிட்டு வேறொரு பகையைத் தானே காலடியில் கொண்டுவந்து வைக்கிறது.

காலணி பிறந்ததே அந்தப் பகையால்தான் என்று எண்ண இடமுண்டு. எரிக் டிரிங்காஸ் என்னும் அமெரிக்கத் தொல்மானிடவியல் அறிஞர், பழங்கற்கால மக்களின் பாத எலும்புகளை ஆராய்ந்தார். காலணி அணியாதோரின் சிறு கால்விரல்கள் நிலத்தைப் பற்றிப் பற்றி வலுத்திருக்கும். அணிவோரின் விரல் எலும்புகள் மெலியும். அவ்வாறு மெலிந்த எலும்புகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தின் வடபகுதியில் காணப்படுவதாக 2008இல் அவர் எழுதினார். தோலும் நாரும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. காலணி இருந்ததற்கு எலும்பே சான்றாய் நிற்கிறது.

மண்ணாகாமல் தப்பிய ஒரு காலணியும் உண்டு. 1991ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் எல்லை கொள்ளும் ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், பனிக்குள் புதைந்திருந்த மனித உடல் ஒன்று வெளிப்பட்டது. 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதனுக்குச் செய்தியாளர் இட்ட பெயர் ஏட்சி. அவன் காலில் இருந்தது கரடித்தோல் அடியும் மான்தோல் மேற்பகுதியும் கொண்ட மெல்லிய காலணி. அதனுள்ளே மரநாரால் பின்னிய ஒரு வலை. வலையின் பிடியில் உலர்ந்த புல். குதிகாலை உயர்த்தும் கட்டை இல்லை, தடித்த அடி இல்லை. இக்காலத்தார் 'குறைந்தபட்சக் காலணி' என்று பெயர் சூட்டி விற்கும் பொருளின் மூதாதை என்று அதனைக் கூறினால் மிகையாகாது. செக் நாட்டின் ஸ்லீன் நகரத்துப் பேராசிரியர் பெட்ர் ஹலாவாச்செக், அதே வகைத் தோலும் புல்லும் கொண்டு அதன் படியைச் செய்து, பனிமலையில் அணிவித்துச் சோதித்தார். கால் வெதுவெதுப்பாக இருந்தது, கொப்புளம் எழவில்லை என்பது சோதித்தோர் கூற்று. ஸ்லீன் என்ற பெயர் நமக்கு அயலாகத் தோன்றினும், 1894இல் அவ்வூரில் தொடங்கப்பெற்ற பாட்டா நிறுவனத்தின் வெள்ளைக் காலணியைச் சுண்ணம் பூசி வெயிலில் உலர்த்தாத பள்ளிப்பிள்ளை நம் தலைமுறையில் ஏது!

ஏட்சியின் புல் வழக்கொழிந்துவிடவில்லை. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள், பனிமான் தோலால் மென்மையான காலணி செய்து, காலுறைக்கு மாற்றாக அதனுள் ஒருவகைக் கோரையை அடைத்தனர். நாம் பாய் முடையும் கோரைக்கு அது தூரத்து உறவு. அடித்துப் பதமாக்கிய அக்கோரை வியர்வையை உறிஞ்சும். இரவில் அதனை எடுத்து உதறினால் ஈரம் உறைந்து உதிர்ந்துவிடும். தென் துருவத்தை நாடிச் சென்ற ஸ்காட்டின் குழுவினர் 1911-12இல் அணிந்தவற்றுள் இக்காலணியும் ஒன்று. அறிவியலில் முன்னேறிய ஒரு பேரரசு தன் வீரர்களின் பாதத்தைக் காக்க, மான்மேய்க்கும் மக்களின் புல்லை நாடவேண்டியிருந்தது.

அதே பேரரசு அடுத்த சில ஆண்டுகளில் பாதத்தைப் பற்றி மிகக் கொடிய பாடம் ஒன்றைக் கற்றது. 1914-15ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்கு குழிகளில் நின்ற பிரித்தானியப் படையினருள் 20,000க்கும் மேற்பட்டோர் பாதம் அழுகும் நோயால் படுத்தனர். அவர்கள் வெறுங்காலர் அல்லர்; கனத்த தோற்காலணி அணிந்திருந்தவர்கள். குளிரும் உறைநிலைக்கு மேலேயே இருந்தது. ஆனால் நீர் தேங்கிய குழியில், இறுக்கிக் கட்டிய காலணியோடு, நாட்கணக்கில் அசையாது நின்றனர். குருதியோட்டம் குன்றியது, தசை மரத்தது, பின்னர் கறுத்தது. காலுறையை நாள்தோறும் மாற்றவேண்டும், ஒருவர் பாதத்தை மற்றொருவர் திமிங்கில எண்ணெய் இட்டுத் தேய்த்துவிடவேண்டும் என்று ஆணையிட்ட பிறகே நோய் தணிந்தது. காலணி இருந்தும் கால் போயிற்று. அசைவின்மையும் ஈரமும் செய்த வேலை அது.

அசைவுக்கும் பாதத்தின் வெப்பத்திற்கும் என்ன தொடர்பு? இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான ஒரு திறவுகோல் உண்டு. பனிக்கட்டி நீரில் விரலை அமிழ்த்தினால், முதலில் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கும். விரல் ஏறத்தாழ நீரைப் போலவே குளிர்ந்துவிடும். ஆனால் ஐந்து பத்து நிமிடங்களில், யாரும் ஏவாமலே அக்குழாய்கள் விரியும். சூடான குருதி பாய்ந்து விரல் வெதுவெதுக்கும். பின்னர் மீண்டும் சுருங்கும், மீண்டும் விரியும். கால் விரல்களிலும் இது நிகழ்வதுண்டு. உடலின் நடுப்பகுதி சூடாக இருந்தால் இவ்வலை வலுவாக எழும். உடல் குளிர்ந்திருந்தால், உயிருறுப்புகளைக் காக்கும் பொருட்டு உடம்பு கைகால்களைக் கைவிட்டுவிடும். ஓடுகின்ற உடம்பு ஓர் உலை. அவ்வுலையின் சூடே பனியில் பதியும் பாதத்திற்குச் சோறிடுகிறது. உலை அவிந்தால் பாதம் பட்டினி. உள்ளங்காலின் தடிப்போ மன உறுதியோ அந்தப் பசியைத் தீர்ப்பதில்லை.

பெர் ஷொலாண்டர் என்னும் அறிவியலார் 1958இல் வெளியிட்ட இரு ஆய்வுகள் இன்னும் சுவையானவை. நார்வே நாட்டு மாணவர் சிலர், ஆறு வாரம் மெல்லிய உடையோடும் ஒற்றைப் போர்வையோடும் இலையுதிர்கால மலையில் தங்கினர். முதலில் குளிரால் உறங்க இயலவில்லை. பின்னர் அவர்தம் உடம்பு, நடுங்கிக்கொண்டே உறங்கவும் கூடுதல் வெப்பம் ஆக்கிப் பாதத்தைச் சூடாக வைக்கவும் பழகிக்கொண்டது. நடு ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களோ இதற்கு நேர்மாறு. குளிர்கால இரவில் ஆடையின்றித் தரையில் படுத்த அவர்கள், பாதம் குளிர்வதைப் பொருட்படுத்தாது, நடுங்காது, ஆழ்ந்து உறங்கினர். ஒரே குளிர், இருவகை விடை. எனினும் இரண்டாம் கூட்டத்தார் தம் படுக்கையின் இருமருங்கிலும் சிறு தீ மூட்டியிருந்தனர் என்ற செய்தியை விட்டுவிடலாகாது.

இனி ஓட்டத்திற்கே பேர்போன ஒரு மக்களைக் காண்போம். மெக்சிகோவின் வடமேற்கு மலைகளில் வாழும் ராராமுரி மக்கள், மரப்பந்தைக் காலால் எற்றிக்கொண்டு இரவும் பகலும் ஓடும் போட்டியை மரபாகக் கொண்டவர்கள். அவர்தம் காலணி ஓர் அடித்தட்டும் ஒரு வாரும்தான். இக்காலத்தில் அத்தட்டு பழைய வண்டிச் சக்கரத்தின் ரப்பர். 1993ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மலையில் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த லெட்வில் என்னும் ஊரில் 100 மைல் ஓட்டம் நடந்தபோது, 55 வயதான விக்டோரியானோ சுர்ரோ அத்தகைய காலணியோடு ஓடி, 20 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய வேளையில் முதல்வராய் வந்தார். கேட்போர் வியந்தனர். ஆனால் அம்மக்களின் மற்றொரு வழக்கம் அத்துணைப் பேசப்படுவதில்லை. குளிர்காலம் வந்ததும் அவர்களுள் பல குடும்பங்கள், மலைமேட்டை விட்டு வெப்பமான பள்ளத்தாக்கின் அடியிற் சென்று தங்கும். ஓடத் தெரிந்தவர்கள் விலகவும் தெரிந்தவர்கள்.

2009இல் இம்மக்களைப் பற்றிக் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய நூலும், 2010இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மேன் வெளியிட்ட ஆய்வும் மேலைநாட்டில் பெரும் கிளர்ச்சியை உண்டாக்கின. வெறுங்காலோடு ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகின்றனர், காலணியோர் குதிகாலை ஊன்றுகின்றனர் என்பது லீபர்மேனின் முடிவு. உடனே ஐந்து விரல் உறை கொண்ட காலணிகள் விற்றுத் தீர்ந்தன. நலம் பற்றிய விளம்பரக் கூற்றுகளுக்குச் சான்றில்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவற்றைச் செய்த விப்ரம் நிறுவனம் குற்றத்தை ஏற்காமலே 37.5 இலட்சம் டாலர் தர 2014இல் உடன்பட்டது. அலை வடிந்தது. ஆனால் குளிரிலும் காலணி துறந்து ஓடுவோர் ஒரு சிறு கூட்டமாக எஞ்சினர். நெதர்லாந்து நாட்டு விம் ஹாஃப், 2007 ஜனவரி 26ஆம் நாள் பின்லாந்தின் பனிமீது அரை நெடுந்தொலைவை, அதாவது 21 கிலோமீட்டரை, வெறுங்காலோடு 2 மணி 16 நிமிடம் 34 விநாடியில் ஓடினார். பின்னர் அதனினும் விரைந்தோர் தோன்றினர். வியப்பிற்குரியதே. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவர் ஓடிக்கொண்டிருந்தார் என்பதும், முடிவில் கதகதப்பான ஓரிடம் காத்திருந்தது என்பதும் நினைவில் இருத்தற்குரியன. இதைக் கண்டு மயங்கி முயல்வோரை வீழ்த்துவது பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவே வரும் தடை: ஒரு சுளுக்கு, வழி தவறல், நனைந்த சாலை. மரத்த பாதம் கண்ணாடித் துண்டையும் உணராது, உறைவதையும் உணராது.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், தீ நிலம் என்று பொருள்படும் தியரா தெல் புவேகோவில் வாழ்ந்த யாகன் மக்களைக் கடைசியாகக் கூற வைத்திருந்தேன். ஆண்டு முழுதும் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் ஓயாத தீவுகளில், அவர்கள் பெரும்பாலும் வெறுங்காலராய், ஏறக்குறைய வெற்றுடம்பினராய் வாழ்ந்தனர். உடலில் கடல்நாயின் கொழுப்பைப் பூசினர். பெண்கள் அக்குளிர்நீரில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். 1830இல் கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அவர்களுள் ஒரு சிறுவனை இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார். ஒரு பொத்தானை விலையாகத் தந்து பெற்றதால் ஜெமி பட்டன் என்று அவனுக்குப் பெயரிட்டனர். மூன்றாண்டு கழித்து பீகிள் கப்பலில் தாயகம் திரும்பும்போது, கையுறையும் பளபளக்கும் காலணியும் அணிந்த இளைஞனாய் இருந்தான். காலணியில் அழுக்குப் பட்டால் மனம் வருந்துவான் என்று உடன் வந்த சார்ல்ஸ் டார்வின் எழுதுகிறார். 1833 ஜனவரியில் அவர்கள் கரையை நெருங்கியபோது, செய்தி கேட்டு ஓடி வந்த யாகன் மக்களுள் சிலர், ஓடிய விரைவில் மூக்கில் குருதி வழிய வந்து நின்றனர். டார்வின் அவர்களை இரக்கத்தோடும் இகழ்ச்சியோடும் நோக்கினார். மனிதரில் இத்துணை இழிந்த நிலையினர் இரார் என்பது அவர் கருத்து. அந்த ஓட்டத்தில் இருந்த உடல் வன்மையை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் கூர்ந்து நோக்கும் அவர் கண் மற்றொன்றைக் குறித்துக்கொண்டது: ஆடை அணிந்த வெள்ளையர் தீயை நெருங்கி அமர்ந்தும் குளிர் நீங்காதிருக்க, தொலைவில் அமர்ந்த வெற்றுடம்பினருக்கு வியர்வை பெருகியது.

அந்தத் தீதான் யாகன் மக்களின் காலணி. தோணியிலும் மண்பரப்பி அதன்மேல் நெருப்பை அணையாது காத்தனர். ஓட்டமும் உழைப்பும் நின்ற வேளையில் அந்நெருப்பு அவர்களை ஏந்திக்கொண்டது. பின்னாளில் வந்தோர் உடையைத் தந்தனர், நோயையும் தந்தனர். 1884இல் பரவிய தட்டம்மை அம்மக்களை வாரிச் சென்றது.

1834 மார்ச்சில் பீகிள் மீண்டும் அங்கு வந்தபோது, இடையில் ஒரு துண்டுக் கம்பளி தவிர வேறின்றி, மெலிந்து, தலைமயிர் கலைந்து, தோணியில் வந்தான் ஜெமி. காலணி இல்லை. மறுபடியும் இங்கிலாந்திற்கு வருகிறாயா என்று கேட்டபோது மறுத்தான்; அவனுக்கு மனைவி வாய்த்திருந்தாள். நண்பர்களுக்கு நீர்நாய்த் தோலும், தலைவருக்குத் தன் கையால் செய்த ஈட்டி முனைகளும் அம்புகளும் தந்து விடைபெற்றான். கப்பல் கடலை நோக்கித் திரும்பியபோது, கரையில் அவன் ஒரு தீ மூட்டினான். அதன் புகை நெடுநேரம் தெரிந்தது.